நெறஞ்சிருக்கு

நோயாளி வீட்டு வாசலில் நின்றுகொண்டு "மருந்து இருக்கா?" என்று கேட்காதீர்கள். "எடுத்து வா, பார்க்கலாம்" என்று சொல்லுங்கள். குப்பியைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். நிறக் குப்பியாக இருந்தால் குலுக்கிப் பாருங்கள். புதிதாக வெள்ளைச் சேலை கட்டி நர்சு வேலைக்கு வந்திருக்கிற பெண்களுக்கு நான் சொல்ல நினைப்பது இவ்வளவுதான். மற்றதெல்லாம் உங்களுக்குப் பாடமாகவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் ஏன் என்று தெரியாமல் கேட்டுக்கொண்டது நாலு நாளில் மறந்துபோகும். அதனால் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். பொறுமையாகப் படியுங்கள், நான் எழுதுவதும் மெதுவாகத்தான்.

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. வேலையில் இருந்த காலத்தில் என் பெயரை எழுதுவேன், காய்ச்சல் கம்பியில் கோடு பார்ப்பேன், குப்பியில் ஒட்டிய தாளை எழுத்துக் கூட்டிப் படிப்பேன். முழு வாக்கியம் எழுதப் பழகியது வேலையை விட்ட பிறகுதான். ஆனால் பிரெஞ்சுக்காரன் காலத்தில் வில்லியனூர் கொம்யூனில், அந்த வட்டாரம் முழுவதிலும், என் கை படாமல் பிறந்த பிள்ளைகள் குறைவு. இதைப் பெருமைக்காகச் சொல்கிறாள் என்று நினைப்பீர்கள். ஆமாம், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நான் இருந்தது வில்லியனூருக்கு மேற்கே ஒரு சின்ன வைத்தியசாலை. டாக்டர் ஒருவர், கம்பவுண்டர் ஒருவர், பிரசவமும் நர்சு வேலையும் பார்க்க நான். டாக்டரை அப்போது தொக்தேர் என்போம், பிரெஞ்சுப் பேச்சு. எங்கள் தொக்தேர் மாஹேக்காரர். மலையாளம் அவர் பாஷை. தமிழ் பேசுவார், பேசினால் நமக்குப் புரியும், நாம் பேசினால் அவருக்கும் பெரும்பாலும் புரியும். அந்தப் 'பெரும்பாலும்' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

அவர் வந்த புதிதில் ஒரு மாமியார்க்காரி மருமகளை அழைத்து வந்தாள்.

"இன்னா செய்யுது?" என்று நான் கேட்டேன்.

"ஒண்ணும் இல்லம்மா, இவ முழுவாம இருக்கா" என்றாள் மாமியார்.

நான் வாய் திறப்பதற்குள் தொக்தேர் முந்திக்கொண்டார். "முழுகலியா? அப்ப முழுகச் சொல்லு. ஆத்துல நல்ல தண்ணி உண்டே!"

"அய்யய்யே! முழுவிட்டாத்தானே சாமி வம்பு!" என்று அந்த அம்மாள் வாயைப் பொத்திக்கொண்டாள். காத்திருந்த பெண்களெல்லாம் சுவரில் சாய்ந்து சிரித்தார்கள். மருமகள் முகத்தைச் சேலைக்குள் புதைத்துக்கொண்டாள். பிள்ளை உண்டாகியிருப்பதைத்தான் இந்தப் பக்கத்தில் அப்படிச் சொல்வார்கள் என்று கம்பவுண்டர் அவர் காதில் சொன்னார். தொக்தேரும் சிரித்துவிட்டார். கோபக்காரர், ஆனால் தன்னைப் பார்த்துச் சிரிக்கத் தெரிந்தவர்.

அன்று மாலை எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்து, "இதுபோல வேற என்ன உண்டு? எல்லாம் பறயு" என்றார். நாங்களும் சொன்னோம். பூச்சி கடித்தது என்றால் பாம்பாக இருக்கும். வீட்டுக்குத் தூரம் என்றால் மாதவிலக்கு. அம்மா வந்திருக்கிறாள் என்றால் பெரியம்மை. "எவ்வளவு தூரம் என்று நான் ஒருத்தியைக் கேட்டேனே!" என்று தலையில் அடித்துக்கொண்டார். கம்பவுண்டர் விழுந்து விழுந்து சிரித்தார். எங்களுக்குத் தெரிந்த நோவுப் பேச்சு எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டோம் என்று நினைத்தோம். ஒன்று மட்டும் எங்கள் யார் நினைவிலும் வரவில்லை. ஏனென்றால் அது நோவுப் பேச்சு இல்லை, அடுப்பங்கரைப் பேச்சு.

கோவிந்தன் என்று ஒருத்தன். ஆற்றுக்கு அந்தாண்டை ஊர். சொந்தமாகக் கொஞ்சம் நெல்லும் கரும்பும் வைத்திருந்த குடும்பம். வயது முப்பதைத் தாண்டியிருக்காது. நெஞ்சு கெட்டுப்போய்க் கால் இரண்டும் வீங்கி, நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கும். சந்தை நாளில் பெண்டாட்டி அஞ்சலையோடும் கைக்குழந்தையோடும் வைத்தியசாலைக்கு வந்தான். நான் அன்று ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தேன். தொக்தேர் பார்த்துவிட்டுச் சொட்டு மருந்து எழுதினார். நெஞ்சை நிதானப்படுத்துகிற மருந்து அது. கருத்த குப்பி, கட்டைவிரல் உயரம்தான் இருக்கும். காலையில் மட்டும் எண்ணிச் சில சொட்டு, அவ்வளவுதான். கூடினால் அதே மருந்து நெஞ்சை நிறுத்திவிடும்.

கொடுத்து அனுப்பியது கம்பவுண்டர். கூட்டம் நெருக்கியிருக்கிறது. "இந்தாம்மா, காலைல எண்ணிச் சொட்டு வுடு. வீக்கம் வடியற வரைக்கும் குடு. தேன்னு நெனச்சி உம் புருசன் நக்கிடப் போறாரு, பாத்துக்க" என்று சொல்லி அனுப்பினாராம். அஞ்சலை சிரித்துக்கொண்டே வாங்கிப் போனாளாம். இதைப் பிறகு அவரே எனக்குச் சொன்னார். அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை பாருங்கள். ஆனால் அதை ஒரு பெண்டாட்டியின் காதால் கேட்டுப் பாருங்கள். வீக்கம் வடியற வரைக்கும் குடு. வடியாவிட்டால்?

கரும்பு வெட்டு நடந்துகொண்டிருந்த நேரம். ஒரு வெள்ளிக்கிழமை காலையில் கோவிந்தனின் அண்ணன் வில்வண்டி கட்டிக்கொண்டு வந்து வைத்தியசாலை வாசலில் நின்றார். தம்பிக்கு முடியவில்லை, வாந்தி நிற்கவில்லை, காமாலையும் சேர்ந்துகொண்டது, தொக்தேர் வந்து ஊசி போட்டே ஆகவேண்டும் என்றார். தொக்தேர் பையை எடுத்துக்கொண்டார். நானும் ஏறினேன், வண்டியின் பின்பக்கம், காலைத் தொங்கவிட்டுக்கொண்டு. ஆற்று மணலில் சக்கரம் புதைந்து புதைந்து போனது.

வீட்டில் கூடத்தில் நெல் மூட்டைகளை அடுக்கி அதில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். படுத்தால் மூச்சு முட்டும். தொக்தேர் பக்கத்தில் மணை போட்டு உட்கார்ந்தார். ஊசியையும் குழலையும் என்னிடம் கொடுத்துக் கொதிக்கவைக்கச் சொன்னார்.

அந்த வீட்டு அடுப்பு எனக்குக் கிடையாது. நான் வேதக்காரி, கிறிஸ்தவச்சி. ஊருக்கு வெளியே இருந்தவர்கள் நாங்கள், அடுத்தவர் வயலில் நடவு நட்டே காலம் தள்ளியவர்கள். வெள்ளைச் சேலைக்காக என்னைக் கூடம் வரைக்கும் விடுவார்கள், நோயாளியின் கையைத் தொட விடுவார்கள். அதற்கு உள்ளே கிடையாது. அதனால் வாசலில் மூன்று கல் வைத்து, கரும்புச் சோகையைக் கொளுத்தித் தண்ணீர் காயவைத்தேன். சோகை படபடவென்று எரியும். உள்ளே பேசுவது காதில் விழாது.

உள்ளே நடந்தது இது, எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தொக்தேர் நாடி பார்த்திருக்கிறார். ஓடவேண்டிய நாடி நடந்துகொண்டிருந்தது, இடையில் நின்று நின்று வந்தது. அவருக்கு உடனே சந்தேகம் தட்டியிருக்கிறது. சொட்டு மருந்து கூடிப்போயிருந்தால் இப்படி ஆகும் என்று அவருக்குத் தெரியும். சரியான கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். "குப்பியில் மருந்து எத்தர இருக்கு?"

அஞ்சலை சொல்லியிருக்கிறாள்: "நெறஞ்சிருக்குங்க."

அது அவர் பாஷையிலும் உள்ள சொல். யாரையும் கேட்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போனது. குப்பி நிறைந்திருக்கிறது என்றால் மருந்தைத் தொடவே இல்லை என்றுதானே பொருள்? நாடி நின்று நின்று வருவது நோவினாலேதான், மருந்தினால் இல்லை என்று அவர் முடிவு கட்டிவிட்டார். "அப்ப குடுக்கலியா?" என்று கேட்டிருக்கிறார். அந்த நேரம் பார்த்துத்தான் மாட்டை அவிழ்த்துக் கட்டிவிட்டு அண்ணன்காரர் உள்ளே வந்தார். அவர் காதில் விழுந்தது இந்தக் கடைசிக் கேள்வி மட்டும்தான்.

"குடுக்காம வச்சிகினு இருந்தியாடி பாவி! எந்தம்பிய சாவடிக்கப் பாத்தியா?"

மச்சாண்டார் எதிரில் வாய் திறந்து பேசுகிற வழக்கம் அவளுக்கு இல்லை. கதவுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று அழுதிருக்கிறாள்.

நான் ஊசியைத் துணியில் ஏந்திக்கொண்டு உள்ளே வந்தபோது தொக்தேர் மருந்துக் குழாயின் கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தார். கோவிந்தன் கையில் கட்டு கட்டியாகிவிட்டது, நரம்பு எழும்பி நின்றது. "சொட்டு மருந்து கொடுத்திட்டே இல்ல. குப்பி நிறஞ்சிருக்காம். அதனால இந்த ஊசி போடலாம்" என்றார் என்னிடம். அது நேரே நெஞ்சுக்குப் போகிற ஊசி. அதன் பெயர் என் வாயில் நுழையாது.

நான் கோவிந்தன் கையைப் பிடித்தேன், ஆடாமல் இருக்க. பிடித்தால் நாடியும் கையில் வரும், அது எனக்குப் பழக்கம். சாவக்கிடக்கிற நெஞ்சு குருவி மாதிரி அடித்துக்கொள்ளும், நான் எத்தனையோ பார்த்திருக்கிறேன். இது அப்படி இல்லை. கிழவன் படி ஏறுவது போல ஒன்று வைத்து, நின்று, இன்னொன்று வைத்தது.

"எப்பிடி இருக்குது?" என்று அவனைக் கேட்டேன்.

"எல்லாம் மஞ்சளா இருக்குது. நீ கட்டின சேலகூட மஞ்சளா இருக்குது" என்றான்.

"அதான் சொன்னேனே, காமால" என்றார் அண்ணன்காரர். "கீழாநெல்லி அரச்சிக் குடுத்துகினு இருக்கறோம்."

கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். வெள்ளை வெளேர் என்று இருந்தது. காமாலை என்றால் கண்ணில் அல்லவா மஞ்சள் இருக்கவேண்டும்? அவன் கண்ணில் இல்லை, அவன் பார்க்கிற பார்வையில் இருந்தது. அதற்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியாது. சரியில்லை என்று மட்டும் தெரிந்தது.

அஞ்சலையைப் பார்த்தேன். கதவுப் பக்கம் நின்றிருந்தாள். நெற்றியில் பெரிய குங்குமம், தலை குளித்து ஈரமாக இருந்தது. வெள்ளிக்கிழமை அல்லவா.

"ஏம்மா, மருந்து இருக்குதா, இல்லியா?"

தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நெறஞ்சிருக்கு ஆஸ்பத்திரியம்மா."

அந்தச் சொல் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது தெரியுமா? எங்கள் குடிசையில், அரிசிப் பானைக்கு முன்னால். வேதத்தில் சேர்ந்த பிறகும் என் அம்மா அந்த வார்த்தையை விடவில்லை. பானையில் அரிசி இல்லை என்றால், இல்லை என்று வாயால் சொல்லமாட்டாள். அப்படிச் சொன்னால் இல்லாமலே போய்விடும். "அரிசி நெறஞ்சிருக்கு" என்பாள். நாங்கள் பிள்ளைகள் அதைக் கேட்டால் சோறு இல்லை என்று தெரிந்துகொண்டு தண்ணீரைக் குடித்துவிட்டுப் படுத்துக்கொள்வோம். உப்புக்கும் அப்படித்தான், விளக்கெண்ணெய்க்கும் அப்படித்தான். தாலி கட்டிய பெண்கள் வெள்ளிக்கிழமையில் வேறு மாதிரி சொல்லவே மாட்டார்கள். ஆனால் மருந்துக்கு யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

"தொக்தேர், ஒரு நிமிசம் நில்லுங்க" என்றேன்.

"என்ன?"

"குப்பிய நான் கண்ணால பாக்கணும்."

"நிறஞ்சிருக்கு என்று அவளே பறஞ்சு."

"அது வேற நெறவு, தொக்தேர். நில்லுங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். ஊசியில் மருந்து ஏறிவிட்டது. நான் பார்த்த எத்தனையோ பேர் அந்த இடத்தில், நீ யார் எனக்குச் சொல்ல என்று ஊசியை இறக்கியிருப்பார்கள். அவர் கையை எடுத்தார்.

"குப்பிய கொண்டாம்மா" என்றேன் அஞ்சலையிடம்.

"மாடத்துல வௌக்குகிட்ட இருக்குது. இன்னிக்கு வெள்ளிக்கெழம. எடுக்கக் கூடாதுங்க."

"எடுத்துக் காட்டு, போதும்."

அவள் அசையவில்லை. இவளாக எடுத்துவரப் போவதில்லை என்று தெரிந்துபோனது. நான் கூடத்தைத் தாண்டி உள்ளே நடந்தேன்.

"ஏய்! ஏய்! எங்கடி போற? வூட்டுக்குள்ளயே போறா பாரு! வெள்ளிக்கெழம அதுவுமா வௌக்கு எரியிற எடத்துல..." என்று அண்ணன்காரர் என் பின்னால் கத்தினார்.

திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பியிருந்தால் நின்றிருப்பேன். மாடத்தில் அகல் எரிந்துகொண்டிருந்தது. பக்கத்தில் குங்குமச் சிமிழ், அதன் பக்கத்தில் அந்தக் கருத்த குப்பி, அதற்கும் ஒரு பொட்டு வைத்திருந்தாள். எடுத்தேன். கையில் எடுத்ததுமே தெரிந்துவிட்டது. குலுக்கவேண்டிய தேவைகூட இல்லை.

கொண்டுவந்து தொக்தேர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் மூடியைத் திறந்து கவிழ்த்தார். தட்டினார். ஒரு சொட்டு வரவில்லை.

நான் அஞ்சலை பக்கத்தில் போய் நின்றுகொண்டு மெல்லக் கேட்டேன். "எப்பிடிம்மா குடுத்த?"

"மூச்சி வாங்கும்போதெல்லாம் குடுத்தேன். ராத்திரி வாங்கினா ராத்திரி, மத்தியானம் வாங்கினா மத்தியானம். வீக்கம் வடியற வரைக்கும் குடுன்னாரே. வடியவே இல்லியே."

"அப்புறம்?"

கையை விரித்துக் கவிழ்த்துக் காட்டினாள்.

"தீந்துபோச்சின்னு சொல்லக் கூடாதாம்மா?"

"அது அவரு மருந்துங்க" என்றாள். "தீந்துபோச்சின்னு என் வாயால எப்பிடிச் சொல்லுவேன்?"

தொக்தேர் கைக்கட்டை அவிழ்த்தார். ஊசியில் ஏற்றிய மருந்தைக் கூரை ஓரம் போய் மண்ணில் பீய்ச்சினார். என்னிடம் தணிந்த குரலில் சொன்னார்: அந்தச் சொட்டு மருந்து உடம்பில் இருக்கும்போது இந்த ஊசியைப் போட்டால் ஊசி கையில் இருக்கும்போதே நெஞ்சு நின்றுவிடும். போடாவிட்டால் பிழைக்கலாம், பிழைக்காமலும் போகலாம். பார்வை மஞ்சளானதும் அந்த மருந்தால்தான். அது தானாக இறங்கவேண்டும். இறங்க வைக்க அவர் கையில் எதுவும் இல்லை.

இங்கேதான் நீங்கள் கவனிக்கவேண்டும். ஊசி போடுவது கஷ்டம் இல்லை. போடாமல் இருப்பதுதான் கஷ்டம்.

அண்ணன்காரர் ஊசிக்காகத்தான் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். ஊரே வாசலில் கூடிவிட்டது. மண்ணில் மருந்தைக் கொட்டியதை எல்லோரும் பார்த்தார்கள். "இன்னா துரை, மருந்த மண்ணுக்கு ஊத்தற? எந்தம்பிக்கு ஊத்து! இவ வூட்டுக்குள்ள பூந்து இன்னா ஓதினா ஒன் காதுல?" என்று பையைப் பிடித்து இழுத்தார். தொக்தேர் பையை விட்டார், கையைக் கட்டிக்கொண்டார். "இன்று ஊசி இல்ல" என்றார். திரும்பத் திரும்ப அதையே சொன்னார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. கம்பவுண்டர் சில நேரம் செய்வதுதான். கொதித்து ஆறிய தண்ணீரை ஊசியில் ஏற்றிப் போட்டுவிட்டால் கூட்டம் அடங்கும், அண்ணன்காரர் அடங்குவார், அஞ்சலை மனதும் ஆறும். தொக்தேரிடம் கேட்டேன்.

"வேண்டா" என்றார். "தண்ணி ஊசி போட்ட பிறகு இவன் செத்தால், ஊசிதான் கொன்றது என்பார்கள். அடுத்த வீட்டில் அம்மைக்குக் குத்த வரும்போது எவன் கை நீட்டுவான்? இன்று திட்டு வாங்கு. பரவாயில்ல."

வாங்கினோம். நான் கோவிந்தன் பக்கத்தில் உட்கார்ந்து நாடியைப் பிடித்துக்கொண்டேன். அந்த வீட்டுக் கூடத்தில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. யாரும் எழுப்பவில்லை, எழுப்ப மறந்துவிட்டார்கள். அஞ்சலை கால் பக்கம் உட்கார்ந்து வீங்கின பாதத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். நடுவில் அவன் கொஞ்சம் தெளிந்தான். "ஆலைல பாகு எறக்கிட்டாங்களா?" என்று அண்ணனைக் கேட்டான். "எறக்கியாச்சிடா. நல்ல பதம்" என்றார் அந்த மனிதர். நாடியும் ஒரு நேரம் சீராக நடந்தது. தொக்தேர் என்னைப் பார்த்தார், நான் தலையை ஆட்டினேன். அஞ்சலை அந்தத் தலையாட்டலைப் பார்த்துவிட்டாள். உள்ளே ஓடி விளக்குக்கு எண்ணெய் விட்டு வந்தாள்.

பொழுது சாயத் தொடங்கியபோது என் விரலுக்கடியில் ஒன்று வைத்தது, நின்றது. அடுத்ததற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. எதிரில் தொக்தேர் ஏற்கெனவே எழுந்துவிட்டார். நான் கையை விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தேன். நான் விட்டால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

தம்பி எதனால் செத்தான் என்று அண்ணன்காரர் தொக்தேரின் சட்டையைப் பிடித்துக் கேட்டார். "நெஞ்சு கெட்டுப்போயிருந்தது" என்றார் தொக்தேர். அது உண்மைதான். மீதி உண்மையை அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பெண்டாட்டி மருந்தை ஊற்றிக் கொன்றாள் என்று ஒரே சொல்லாகப் போயிருக்கும். அவளை அந்த ஊரில் வைத்திருக்கமாட்டார்கள். குப்பியைத் தொக்தேரிடமிருந்து வாங்கி மடியில் முடிந்திருந்தேன், திரும்பும்போது ஆற்றில் போட்டுவிட்டேன். ஊர் வேறு ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமையில் வேதக்காரி ஒருத்தி உள்ளே புகுந்து விளக்கு மாடத்தைத் தொட்டாள், அதனால்தான் அவன் போனான் என்றார்கள். அந்த ஊர் எல்லையில் பல வருடம் என்னை யாரும் கூப்பிடவில்லை. பிரசவத்துக்குக்கூட ஆற்றைத் தாண்டி வேறு ஆளைத் தேடினார்கள். நான் மறுத்துப் பேசவில்லை. அவள்மேல் விழுவதைவிட என்மேல் விழுந்தால் எனக்குத் தாங்கும். இதையும் பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

கம்பவுண்டர் அதற்குப் பிறகு யாருக்கு மருந்து கொடுத்தாலும், "நான் சொன்னத நீ திருப்பிச் சொல்லு" என்று சொல்லவைக்காமல் விடமாட்டார். சந்தை நாளில் கூட்டம் கத்தும். "கத்தட்டும்" என்பார். நோயாளிக்குச் சொல்லிக்கொடுப்பது என்றால் அதுதான். நீங்கள் சொன்னது என்ன என்பது உங்களுக்குத் தெரியும். அவர்கள் காதில் விழுந்தது என்ன என்பது அவர்கள் திருப்பிச் சொன்னால்தான் தெரியும். "வடியற வரைக்கும்", "சரியாவற வரைக்கும்" என்று எதையும் சொல்லாதீர்கள். எப்போது நிறுத்தவேண்டும், எதைக் கண்டால் ஓடிவரவேண்டும் என்று சொல்லுங்கள். தொக்தேர் அந்தச் சொல்லைப் பிறகு எங்கே கேட்டாலும் என்னைத் திரும்பிப் பார்ப்பார். "எந்த நிறவு?" என்று கேட்பார். சிரிப்புக்கு இல்லை.

அடுத்த ஆடியில் ஊரெங்கும் பேதி கண்டது. வைத்தியசாலை வாசலில் இடம் இல்லை. கூட்டத்தில் ஒருத்தி கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து என் முன்னால் நின்றாள். நெற்றி வெறுமையாக இருந்ததால் முதலில் அடையாளம் தெரியவில்லை. அஞ்சலை. ஆற்றைத் தாண்டி, அவள் ஊரில் யாரும் கூப்பிடாத என்னிடம் வந்திருந்தாள்.

குழந்தைக்குப் பேதி. கண் உள்வாங்கியிருந்தது, ஆனால் அழுதது. அழுகிற குழந்தைக்கு வழி உண்டு. மருந்து கொடுத்தேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன், தப்பில்லாமல் சொன்னாள். அரிசியை நன்றாகக் குழையவிட்டு, உப்புப் போட்டு, கஞ்சித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டிக்கொண்டே இருக்கவேண்டும் என்றேன். பிறகு வாய் தவறி, அத்தனை நாள் யாரிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டுவிட்டேன்.

"வூட்ல அரிசி இருக்குதா?"

கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"இல்லக்கா" என்றாள். அதுவரை அவள் என்னை அக்கா என்று கூப்பிட்டதில்லை. "தீந்துபோச்சி. இல்லன்னு சொல்றதுக்கு இப்ப எனக்கு இன்னா பயம்?"

என் வேலைக் காலம் முழுவதும் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறேன். இவ்வளவு தெளிவான பதிலை வேறு யாரும் எனக்குச் சொன்னதில்லை.